ஒரு மூட்டை உரம்

மாமனார் ஊருக்குப் போன ஒன்பதாம் நாள் காலை, வீட்டு முன்னால் இருந்த புல்தரை லேசாக வெளுத்திருந்தது. பல் தேய்த்துக்கொண்டே வாசலுக்கு வந்த மாப்பிள்ளைக்குப் பிரஷ் வாயிலேயே நின்றுவிட்டது.

மாமனார் ஓய்வுபெற்ற நில அளவையாளர். முப்பது வருஷமாக அந்தப் புல்லை ஸ்கேல் வைத்து அளந்து வெட்டி வருகிறவர். சின்ன மகள் வீட்டுக்குப் பதினைந்து நாள் கிளம்பும்போது, வீட்டோடு இருக்கும் இந்த மாப்பிள்ளையின் தோளில் கைவைத்துச் சொன்னார்: "புல்ல மட்டும் பாத்துக்கங்க மாப்பிள்ளை. மத்தவங்க எல்லாரும் தங்களத் தாங்களே பாத்துக்குவாங்க."

கல்யாணமான ஆறு வருஷத்தில் அவர் நம்பி ஒப்படைத்த முதல் பொறுப்பு அது. அதுவரை ஒரு பல்பு மாற்றக்கூட விட்டதில்லை.

"ஏங்க, கொஞ்சம் உரம் போட்டா சரியாயிடும்," என்றாள் மனைவி.

'கொஞ்சம்' என்ற சொல் அவன் காதில் விழவில்லை. நாற்றுக்கடையிலிருந்து ஒரு மூட்டையே வந்து இறங்கியது.

மூட்டையின் மேல் எப்போது போடவேண்டும், எவ்வளவு போடவேண்டும் என்று பொடி எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு வேலை மருந்துக் கம்பெனியில். மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைக்கும் குறிப்புச்சீட்டை எழுதுவது. அதை ஒரு ஜீவனும் படிப்பதில்லை என்பது அவன் அனுபவத்தில் கண்ட உண்மை. எனவே அவனும் படிக்கவில்லை.

முதலில் புல்லை மொட்டையடித்தமாதிரி ஒட்ட வெட்டினான். பிறகு நன்றாக நனைத்தான். பிறகு உச்சி வெயிலில், கோழிக்குத் தீனி இறைப்பதுபோல், மூட்டை காலியாகும்வரை இறைத்தான். உரம் கரைந்து வீணாகிவிடுமே என்று அதற்கப்புறம் சொட்டுத் தண்ணீர்கூட விடவில்லை.

இரண்டே நாளில், கை வீசிய இடமெல்லாம் பழுப்பு வளையமாகக் கருகிவிட்டது.

"சிறுத்தைத் தோல் காயப்போட்ட மாதிரி இருக்குங்க," என்றாள் மனைவி.

அவன் நாற்றுக்கடைக்காரருக்குப் போன் போட்டான்.

"எப்ப சார் போட்டீங்க?"

"மத்தியானம் பன்னெண்டு மணிக்கு. நல்லா நனைச்சிட்டு."

"ஐயையோ! ஈர இலையில ஒட்டுன உரம் சுட்டுடுமே சார்! வெயில் தாழ்ந்தப்புறம், இலை காஞ்சிருக்கறப்ப போட்டு, உடனே தண்ணி விடணும். சரி, எவ்வளவு போட்டீங்க?"

"மூட்டை."



"அது ஒரு வருஷத்துக்கு உள்ளது சார். ஒரு மணி நேரம் தண்ணி விட்டுப் பாருங்க."

ஒரு வருஷ உரத்துக்கு ஒரு மணி நேரம் எந்த மூலைக்கு? மாப்பிள்ளை குழாயைத் திறந்துவிட்டு ஆபீஸ் போனான். சாயங்காலம் திரும்பியபோது வாசலில் ஒரு குளம் இருந்தது. மாமியார் முழங்கால் வலியோடு சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, தண்ணிய நிறுத்தியிருக்கக் கூடாதா?"

"நீங்க ஏதோ யோசிச்சுதான் செய்வீங்கன்னு விட்டுட்டேன் மாப்பிள்ளை."

மறுநாள், கருகினதை மட்டும் வாரி எடுத்துவிடலாம் என்று முள்வாரியோடு இறங்கினான். மண் சேறாகியிருந்தது. கருகினது, கருகாதது எல்லாம் வேரோடு, சீப்பில் முடி வருவதுபோல் வந்தது. கால் புதைந்து, செருப்பு ஒன்று உள்ளேயே தங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்து மாமனார் போன் செய்தார்.

"புல்லு எப்படி இருக்கு மாப்பிள்ளை?"

"வாயால சொல்ல முடியாது மாமா. நீங்க வந்து பாக்கணும்."

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

பதினைந்தாம் நாள் மாமனார் பெட்டியோடு வந்து இறங்கினார். இறங்கிய இடத்திலேயே நின்றார். சேற்றைக் கிழக்கிலிருந்து மேற்குவரை ஒருமுறை பார்த்தார். மாப்பிள்ளை வேறு வீடு வாடகைக்குப் பார்ப்பதுபற்றி மனசுக்குள் யோசிக்க ஆரம்பித்தான்.

"மூட்டையில எழுதியிருந்ததப் படிச்சீங்களா?"

"இல்ல மாமா."

மாமனார் பெருமூச்சு விட்டார்.

"பரவாயில்ல. எல்லாம் என் தப்பு, நான் போயிருக்கக் கூடாது. நாளைக்கே புது விதை போட்டுடுவோம். இனிமே உயிரோட இருக்கறவரைக்கும் இந்த வாசல விட்டு நகரமாட்டேன்."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். இவ்வளவுதானா என்று மாப்பிள்ளைக்கு மூச்சு வந்தது.

அவர் குளியலறைக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டபின், மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வாசலுக்கு வந்தார். உள்ளே ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அந்த உரத்தோட பேரை ஒரு காகிதத்துல எழுதிக் குடுங்க மாப்பிள்ளை. முப்பது வருஷமா நானும் அவருக்குத் தெரியாம வெந்நீர் ஊத்திப் பாத்துட்டேன், சாகவே மாட்டேங்குது!"