ஒரு வார்த்தையில் சொல்ல முடியாத கேமரா

லிட்டில் இந்தியா, சிங்கப்பூர்
திங்கட்கிழமை, வாடிக்கையாளர் யாரும் இல்லாத பிற்பகல்

பினாங்கில் பெரும் மரியாதையோடு வாழ்ந்துவரும் என் மனைவியின் மூத்த சகோதரரும், நம் பயணப்பெட்டிக் கடையில் சரிபாதிப் பங்குதாரருமான ஜமால் முகம்மது மச்சான் அவர்களுக்கு, ஒலி முகம்மது ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நானும் தங்கள் தங்கை ஆஸ்மாவும் இறைவன் கிருபையால் சுகம். அங்கே தங்கள் முழங்கால் வலியும் தங்கள் மனைவியார் ராத்தாவின் இருமலும் குறைந்திருக்க வேண்டுமென்று துஆ செய்கிறோம். ராத்தா கொடுத்தனுப்பிய ஜாதிக்காய் ஊறுகாய் வந்து சேர்ந்தது. பாதி பாட்டில்தான் வந்தது. கொண்டுவந்தவர் மேல் நான் குற்றம் சொல்லவில்லை, ருசியின் மேல்தான் சொல்கிறேன்.

நிற்க. போனில் நீங்கள், "எந்தக் கேமரா வாங்கப் போறே, ஒரே வார்த்தையில சொல்லு" என்று கேட்டீர்கள். நான் "மச்சான், அது வந்து" என்று ஆரம்பித்தேன். அதற்குள் மூன்று வார்த்தை ஆகிவிட்டதால் வைத்துவிட்டீர்கள். வாட்ஸாப்பில் பேசி அனுப்பினால் நீங்கள் கேட்பதில்லை என்று ராத்தா சொன்னார்கள். ஆகவே எழுதுகிறேன். பொறுமையாக, முழங்காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

முன்வரிசையில் வைத்திருந்த சிவப்புக் கைப்பெட்டி காணாமல் போனதும், "உடனே கேமரா வை, கடை முழுக்கத் தெரியற மாதிரி வை" என்று உத்தரவு போட்டவர் தாங்கள்தான். நானும் உடனே ரோச்சோர் பக்கம் ஒரு கடையில் விசாரித்தேன். அங்கிருந்து ரக்ஷனா என்று ஒரு பெண் வந்தாள். கெட்டிக்காரி, ஏணியை அவளே தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் ஏணியில் ஏறிச் சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் துவாஸ் தொழிற்பேட்டையிலிருந்து வந்த ஒரு தம்பி, லீவில் ஊருக்குப் போகிறாராம், இருப்பதிலேயே பெரிய பெட்டி கேட்டார். எடுத்துத் திறந்து காட்டினேன். உள்ளே நடுத்தரப் பெட்டி இருந்தது. இடத்தை மிச்சம் பிடிக்க ஒன்றுக்குள் ஒன்றைப் போட்டு வைப்பது நம் வழக்கம்தானே. அதையும் திறந்தேன். உள்ளே சிவப்புப் பெட்டி. அந்தத் தம்பி ஆசையோடு, "மூணும் சேர்த்தாண்ணே?" என்று கேட்டார். ஆஸ்மா என்னைப் பார்த்தாள். நான் ரக்ஷனாவைப் பார்த்தேன். ரக்ஷனா துளையைப் பார்த்து, "அங்கிள், ஓட்டை போட்டாச்சு லா" என்றாள். போட்ட ஓட்டையைச் சும்மா விடக்கூடாது என்று தொடரச் சொல்லிவிட்டேன்.

கேமராவில் இரண்டு தினுசு இருக்கிறது மச்சான். ஒன்று கூரையின் நடுவில் ஒட்டுவது. மீன் கண் மாதிரி ஒரே லென்ஸ், சுற்றியுள்ள எல்லாத் திசையும் அதற்குத் தெரியும். பேசவும் செய்யும், அதாவது நாம் போனில் பேசினால் கூரையிலிருந்து நம் குரல் வரும், கடைக்குள் பேசுவதும் நமக்குக் கேட்கும். இன்னொன்று வெளியே பெயர்ப்பலகைக்கு மேலே சுவரில் மாட்டுவது. அதற்கு இரண்டு லென்ஸ். இரண்டு படத்தையும் ஒட்டுப் போட்டு, தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே நீளப் படமாகக் காட்டும். "ரெண்டையும் ட்ரையலுக்கு மாட்டிட்டுப் போறேன் அங்கிள், பார்த்துட்டு எது வேணும்னு சொல்லுங்க, மத்ததைக் கழட்டிக்கறேன்" என்று ரக்ஷனா சொன்னாள். நல்ல ஏற்பாடாகத்தான் பட்டது.

முதலில் கூரைக் கேமராவைப் பார்த்தேன். நம் கடை ஆப்பம் மாதிரி வட்டமாகத் தெரிந்தது. நடுவில் ஒரு வழுக்கைத் தலை, நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. அரைமணி நேரப் பதிவை ஓடவிட்டேன். அந்த ஆள் எழுந்திருக்கவே இல்லை. "யாரு இது, வேலை நேரத்துல இப்படி உட்கார்ந்திருக்கறது?" என்று நம் விற்பனையாளர் அஸ்மத்திடம் கோபமாகக் கேட்டேன். அஸ்மத் நல்ல மனிதர், போய்ப் பெட்டிகளைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். ஆஸ்மாதான், "அது நீங்கதான்" என்றாள். இத்தனை காலம் என் தலையில் முடி இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன் மச்சான். முன்னால் இருக்கிறது. மேலே இல்லை. இதை நீங்களாவது சொல்லியிருக்கலாம்.

சுவர்க் கேமராவில் வேறு விதமான தொல்லை. இரண்டு படமும் சேரும் இடத்தில் யாராவது நடந்தால் ஒரு கணம் பாதி ஆளாகிவிடுகிறார். அஸ்மத் பெட்டியை இழுத்துக்கொண்டு அந்த இடத்தைக் கடந்தபோது முதலில் அஸ்மத் காணாமல் போனார், பெட்டி மட்டும் தனியாகப் போனது, பிறகு அஸ்மத் வந்து சேர்ந்தார். இதையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெரிதாக எடுத்துக்கொண்டது வாசல் தரையில் இருக்கும் கோட்டைத்தான்.

நம் கடைக்கும் மணியம் காய்கறிக் கடைக்கும் நடுவில் ஒரு தூண் இருக்கிறதல்லவா? அந்தத் தூணிலிருந்து அஞ்சடியின் குறுக்கே, அதாவது கடைவாசல் நடைபாதைத் தரையில், ஒரு கோடு போகும். கோட்டுக்கு இந்தப் பக்கம் நம் பெட்டிகள், அந்தப் பக்கம் அவர் வாழைப்பழமும் முருங்கைக்காயும். சுப்பிரமணியம் அங்கே கடை போட்ட நாளிலிருந்து இந்தக் கோட்டைப் பற்றி யாரும் பேசியதில்லை. நான் சுவர்க் கேமராவில் பார்த்தால், கோடு தூணிலிருந்து நேராகக் கிளம்பி, பாதி வழியில் மனம் மாறி, நம் பக்கமாக வில் போல வளைந்து வருகிறது! அவருடைய பழக்கூடைகள் முழுசாக நம் இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன! நான் சும்மா இருந்திருக்கலாம். போனை எடுத்துக்கொண்டு போய், "மணியம், இதைப் பாருங்க" என்று காட்டிவிட்டேன்.

அவர் பார்த்தார். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "பாய், இத்தனை வருஷமா உங்க பெட்டியில பாதி என் கூடை மேல சாய்ஞ்சு நிக்குது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனா? இப்ப எனக்குப் படம் காட்டறீங்களா?" என்றார். மறுநாளே ரக்ஷனாவை வரவழைத்துத் தன் பெயர்ப்பலகைக்கு மேலே அதே மாதிரி ஒரு கேமரா மாட்டினார். அவருடைய கேமராவில் கோடு அந்தப் பக்கமாக வளைந்தது. நம் பெட்டிகள் முழுசாக அவர் இடத்தில் இருந்தன. போனைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்துக் காட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போனார்.

ரக்ஷனாவைக் கூப்பிட்டு, "ஏம்மா, எந்தக் கேமரா உண்மையைச் சொல்லுது?" என்று கேட்டேன். அவள் பொறுமையாக, "அங்கிள், வைட் ஆங்கிள்னா ஓரம் வளையத்தான் லா செய்யும். அவ்வளவு அகலமா பார்க்கணும்னா எதையாவது வளைச்சுத்தானே ஆகணும்? கோடு நேராத்தான் இருக்கு, குனிஞ்சு கண்ணால பாருங்க" என்றாள். குனிந்து கண்ணால் பார்த்திருந்தால் விஷயம் முடிந்திருக்கும். ஆனால் நான் குனிவதை மணியம் பார்த்துவிடுவாரே. அவரும் குனியவில்லை. இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டோம். கைநீட்டினால் தொடும் தூரத்தில் நின்றுகொண்டு, "அஸ்மத், உங்க முதலாளிகிட்டச் சொல்லுங்க, கூடையை உதைக்க வேணாம்னு" என்பார் அவர். "அஸ்மத், நான் உதைக்கலேன்னு சொல்லுங்க" என்பேன் நான். அஸ்மத் இரண்டு பக்கமும் தலையாட்டியே கழுத்து வலிக்கிறது என்று தைலம் தடவிக்கொண்டார். உங்களிடம் சொல்வதற்கென்ன, கடை திறந்ததும் அவர் "பாய், கிளம்பி வந்துட்டீங்களா" என்று கேட்கும் குரல் இல்லாமல் எனக்கு நாள் தொடங்கியது போலவே இல்லை.

இப்படி இருக்கும்போது வெள்ளிக்கிழமை வந்தது. ஜும்ஆ தொழுகைக்கு அஸ்மத் முன்னாலேயே போய்விட்டார். ஆஸ்மா பிடோக்கில் வீட்டில் இருந்தாள். நான் போனில் கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே கிளம்பினேன். ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டேன் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் பூட்டவில்லை. தொழுகை முடிந்து வெளியே வந்தால் மழை கொட்டுகிறது. சாதாரண மழையில்லை, குடையை வைத்திருந்தவர்களே குடையை மடக்கிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். பள்ளிவாசல் படியில் நின்றபடி போனைத் திறந்தேன். முதலில் கூரைக் கேமராதான் வரும். வந்தது. ஷட்டர் திறந்திருக்கிறது. விளக்கு எரிகிறது. கடைக்குள் ஒரு வழுக்கைத் தலை அவசர அவசரமாகப் பெட்டிகளை இழுத்துக்கொண்டிருக்கிறது.

முதலில், "அட, நான்தானே" என்று நிம்மதியாக இருந்தது. அப்புறம்தான், நான் இங்கே நிற்கிறேனே என்று உறைத்தது. மழையில் ஓட முடியாது, போலீஸைக் கூப்பிட விரல் வரவில்லை. ரக்ஷனா காட்டிக் கொடுத்திருந்த மைக் பட்டன் கண்ணில் பட்டது. அழுத்திப் பிடித்துக்கொண்டு, "யோவ்! யாருய்யா அது? எடுத்ததை வச்சிட்டு வெளியே போ!" என்று கத்தினேன். பள்ளிவாசல் படியில் நின்ற எல்லோரும் ஓரடி தள்ளி நின்றார்கள். அங்கே கடைக்குள் அந்த ஆள் அப்படியே நின்றார். மெதுவாக அண்ணாந்து பார்த்தார். மணியம்! என் சுப்பிரமணியம்! இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்துக் கூரையைப் பார்த்து, "முருகா, எடுக்கலப்பா! உள்ளதான் வைக்கிறேன்!" என்றார்.

வாசலில் ஷட்டர் திறந்திருந்தது என் கவனக்குறைவு. ஆனால் கோபத்தில் இவர் நம் பெட்டிகளை எங்கே இழுத்துக்கொண்டு போகிறார்? அப்போதுதான் மற்றக் கேமராவைத் தட்டினேன். சுவர்க் கேமராவில் தெரு முழுக்கத் தெரிந்தது. மழை சாய்ந்து அஞ்சடிக்குள்ளேயே அடிக்கிறது. வெளியே அடுக்கியிருந்த நம் துணிப்பெட்டிகள் ஒன்றுகூட இல்லை, எல்லாம் உள்ளே போய்விட்டன. அவர் கடை வாசலில் அவருடைய சின்ன வெங்காய மூட்டைகள் நனைந்துகொண்டிருக்கின்றன. அவர் கடை ஆள் சாப்பிடப் போயிருந்தான் போலிருக்கிறது. ஒரே ஆள், இரண்டு கடை. நம் கடையை முதலில் எடுத்திருக்கிறார். அந்தப் படத்தில் கோடு இன்னும் வளைந்துதான் இருந்தது. வளைந்துவிட்டுப் போகட்டும் என்று மழையிலேயே ஓடினேன்.

தொப்பலாக நனைந்து கடைக்கு வந்து சேர்ந்தபோது அவர் கடைசிப் பெட்டியை நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. "மணியம், மேலேருந்து கத்துனது நான்தான்" என்றேன்.

"தெரியும் பாய். கையெடுத்துக் கும்பிட்ட பிறகுதான் தெரிஞ்சுது. முருகன் 'யோவ்'னு கூப்பிட மாட்டாரு."

"உங்க வெங்காயம் எல்லாம் போச்சே."

"வெங்காயத்தைக் காய வச்சுக்கலாம். உங்க பெட்டி நனைஞ்சா பூஞ்சை பிடிச்சிடும், அப்புறம் பினாங்கு மச்சானுக்கு யாரு பதில் சொல்றது?"

உங்கள் பெயர் லிட்டில் இந்தியா வரை இப்படிப் பரவியிருப்பது எனக்குப் பெருமையாக இருந்தது. இரண்டு பேருமாக மூட்டைகளை இழுத்துவந்து, நம் கடை நடுவில் அட்டையைப் பரப்பி, வெங்காயத்தைக் கொட்டி, மூன்று மின்விசிறியையும் முழு வேகத்தில் வைத்தோம். சாயங்காலம் ஆஸ்மா வந்து பார்த்துவிட்டு, "இது என்ன, சாம்பார் வைக்கப் போறீங்களா?" என்றாள். இரண்டு நாளாக எந்தப் பெட்டியைத் திறந்தாலும் வெங்காய வாசனைதான். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒருவர் மோந்து பார்த்துவிட்டு, "ஊர் வாசனை அடிக்குதுண்ணே" என்று இரண்டு பெட்டி வாங்கிப் போனார்.

ஆகவே தங்கள் கேள்விக்கு வருகிறேன். கூரைக் கேமரா கடைக்குள் யார் இருக்கிறார் என்று நன்றாகக் காட்டியது. அதை மட்டும் பார்த்திருந்தால் என் சிநேகிதரைத் திருடராக்கியிருப்பேன். சுவர்க் கேமரா கோட்டை வளைத்தது, அஸ்மத்தை வெட்டி ஒட்டியது. ஆனால் மழையையும் காட்டியது. நான் சுவர்க் கேமராவையே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். ஆஸ்மாவுக்கு எதுவானாலும் சம்மதம், மத்தியானம் அவள் கண்ணயர்வது தெரியாமல் இருந்தால் போதுமாம். மணியமும் நானும் பழையபடி பேசிக்கொள்கிறோம். தங்கள் அனுமதி வந்ததும் ரக்ஷனாவிடம் சொல்லி மற்றதைக் கழற்றச் சொல்லிவிடுவேன்.

ராத்தாவுக்கு எங்கள் இருவரின் ஸலாமும், பிள்ளைகளுக்கு எங்கள் துஆவும். தங்கள் வீட்டில் பரக்கத்தும் தங்கள் நடையில் பழைய வேகமும் இறைவன் அருளால் திரும்பட்டும்.

தங்கள் அன்பு மச்சான்,
ஒலி முகம்மது

பின்குறிப்பு: மேலே எழுதிய முடிவை அடித்துவிட்டதாக எடுத்துக்கொள்ளுங்கள். கடிதத்தை மடிக்கும் நேரத்தில் மணியம் வந்து, "ரெண்டு கடைக்கு எதுக்கு பாய் தனித்தனி கேமரா? தூண்ல பொதுவா ஒண்ணு மாட்டிக்கலாம், செலவும் பாதி" என்றார். நானும் கட்டிப்பிடிக்காத குறையாகச் சம்மதித்தேன். ரக்ஷனாவும் வந்து எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத் தூணில் ஒன்று மாட்டிவிட்டாள். கடைசியில் போனைப் பார்த்துக்கொண்டு, "கேமராவுக்கு என்ன பேர் வைக்கறது அங்கிள்?" என்று கேட்டாள். நான் நம் கடைப் பெயரைச் சொன்னேன். அவர் அவர் கடைப் பெயரைச் சொன்னார். இரண்டையும் சேர்த்து வைக்கலாம் என்றாள், யார் பெயர் முன்னால் என்று கேட்டோம். மறுபடி பேச்சு நின்றுவிட்டது. கேமரா பெயரில்லாமல் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இப்போது அஸ்மத் ஒரு டம்ளர் இஞ்சி டீயை மேஜையில் வைத்து, "மணியம் அண்ணன் கொடுத்துவிட்டாரு. ஆனா அவர் கொடுத்தாருன்னு உங்ககிட்டச் சொல்லக்கூடாதாம்" என்றார். நல்ல சூடு. சர்க்கரை எனக்குத் தகுந்தபடி குறைவாகவே போட்டிருக்கிறார்.