மைத்துனன் அனுப்பிய ஸ்பீக்கரும் என் கழுத்தில் விழுந்த மாலையும்

சூசையப்பர் துணை
(அவர் தச்சர். மரப்பெட்டியால் எனக்கு நேர்ந்த அநியாயம் அவருக்காவது புரியும்.)

விருத்தாசலம்,
ஆகஸ்ட் 2006

அன்புள்ள மைத்துனன் ராபர்ட்டுக்கு, உன் அக்காள் புருஷன் ஞானதாஸ் எழுதிக்கொண்டது. ஆண்டவர் அருளால் இங்கு நானும் உன் அக்காள் அன்னமேரியும் உயிரோடு இருக்கிறோம். இதை ஏன் அழுத்தி எழுதுகிறேன் என்பது போகப் போகத் தெரியும். புதுச்சேரியில் நீயும் லிசாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மரியாதைக்கு எழுத வேண்டியதை எழுதியாயிற்று. இனி மரியாதை கிடையாது.

என் பழைய ஸ்பீக்கருக்கு என்னடா குறை? கல்யாணமான புதிதில் மெட்ராஸுக்குப் போய் வாங்கி, ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்த ஜோடி. நான் பாட்டுக்கு அதில் பாட்டுக் கேட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்தேன். ஈஸ்டருக்குக் கறிச்சோறு சாப்பிட வந்தவன் சாப்பிட்டோமா போனோமா என்றில்லாமல், விரல் முட்டியால் அதைத் தட்டிப் பார்த்து, “மாமா, இது ஸ்பீக்கரு இல்ல, பீரோ. இதுல பாட்டா வருது? கொடம் உருளுது” என்றாய். அன்றைக்கு என் காதுக்குள் புகுந்தது சனி. அதற்கப்புறம் எந்தப் பாட்டைப் போட்டாலும் குடம்தான் உருண்டது. “நம்ம கடையிலேர்ந்து இங்கிலாந்து சரக்கு ஒரு ஜோடி அனுப்புறேன், வச்சிக் கேளுங்க. புடிச்சா மாத்திக்கலாம், புடிக்கலன்னா நானே வண்டி அனுப்பி எடுத்துக்கிறேன்” என்று நீ சொல்ல, நானும் புத்தி கெட்டுத் தலையாட்டினேன்.

வந்து இறங்கியது என் மார் உயரத்துக்குக் கறுப்பாக இரண்டு. அடியில் இரும்பு முள். பெட்டிக்குக் கீழே முள் எதற்கென்று கேட்டால், சத்தம் சுத்தமாக வருமாம்! வந்தது ‘டக்’ என்று ஒரு சத்தம். சுத்தமாகத்தான் வந்தது. கூடத்தில் நானே ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துப் பொறுக்கிப் பதித்த டைல்ஸில் இரண்டு விரிசல். செராமிக் எஸ்டேட்டில் இத்தனை வருஷமாக பீங்கான் ஃப்யூஸ் கட்டை சுட்டு விற்கிறவன் வீட்டிலேயே தரை உடைந்தால் ஊரில் என்ன சொல்வார்கள் என்று நினைத்துப் பார்த்தாயா? சரி, போகட்டும் என்று பாட்டைப் போட்டால் தகரத்தைத் தேய்ப்பது போல் காது கூசியது. உனக்குப் போன் செய்தேன். “ஸ்பீக்கரு நல்லாத்தான் இருக்குது மாமா. ஒங்க ரூமுதான் சரியில்ல. டைல்ஸு சத்தத்தத் திருப்பி அடிக்குது” என்றாய். அப்போதே உன்னைத் திருப்பி அடித்திருக்க வேண்டும். எட்டாத தூரத்தில் இருந்தாய்.

நீ சொன்னபடியே போன ஞாயிறு பூசை முடிந்து வந்ததும், வெள்ளை வேட்டி சட்டையைக்கூட மாற்றாமல் வேலையை ஆரம்பித்தேன். சோபா, நாற்காலி, டீப்பாய் எல்லாவற்றையும் தூக்கி வாசலில் வேப்பமரத்தடியில் போட்டேன். சுவர் முழுக்கப் பெட்ஷீட்டும் கம்பளியும் தொங்கவிட்டேன். ஜன்னலைச் சாத்தினேன். கூடம் இருண்டு போயிற்று. “ரெண்டு பொட்டிக்கும் எதுர நடுவுல ஒரே ஒரு நாற்காலி போட்டு, கண்ண மூடிக்கிட்டு, தலைய ஆட்டாம உக்காருங்க மாமா. பாடுறவங்க ஒங்க முன்னாடியே வந்து நிப்பாங்க” என்றாய் அல்லவா? உட்கார்ந்தேன். நீ கொடுத்த சிடியில் இழுத்து இழுத்து அழுகிற ஆர்கன் வாசிப்பு ஒன்று இருக்கிறதே, அதைப் போட்டேன். என் முன்னால் யார் வந்து நின்றார்கள் என்று சொல்கிறேன், கேள்.

உன் அக்காள் கோபித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்திருக்கிறாள். கீரைக்காரி கொளஞ்சியம்மாள் வந்து, “என்னாம்மா ஆச்சி, சாமானெல்லாம் வெளிய கெடக்குது?” என்று கேட்க, இவள், “அவரு போயிட்டாரு கொளஞ்சி. இனிமே எனுக்கில்ல” என்றிருக்கிறாள். அந்தப் பெட்டியோடு போய்விட்டேன் என்று அர்த்தமாம். இதை விவரமாகச் சொன்னால் வாயா வலிக்கும்? கொளஞ்சி கூடையை அங்கேயே போட்டுவிட்டுத் தெரு முழுக்க ஓடியிருக்கிறாள்.

நான் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆர்கனுக்குப் பின்னால் மெதுவாக யாரோ பேசுகிற சத்தம். ரிக்கார்டிங்கில் பின்னால் நிற்பவர்கள் பேசுவதுகூடக் கேட்கிறதே என்று, சொல்ல வெட்கமாக இருக்கிறது, உன் ஸ்பீக்கரை மனதுக்குள் பாராட்டினேன். “அடடா, உக்கார வச்சே வச்சிருக்காங்களே. மொகத்துல எவ்ளோ அமைதி பாருங்க” என்றது ஒரு குரல். “நல்ல மனுசன் சாமி. கீரதான் பேரம் பேசாம வாங்க மாட்டாரு” என்றது இன்னொன்று. இங்கிலாந்துக்காரன் சிடியில் கீரை எப்படி வந்தது என்று நான் யோசிப்பதற்குள், ஈரமாக, கனமாக ஒரு ரோஜா மாலை என் கழுத்தில் விழுந்தது. கண்ணைத் திறந்தேன். எதிர்வீட்டுக் கோதண்டபாணி, ரயில்வேயில் ரிட்டையர் ஆனவர், மூக்குக்கு மூக்கு நின்றுகொண்டிருந்தார். “யாருய்யா செத்தது?” என்றேன். மனுஷன் போட்ட கூச்சலில் பின்னால் நின்ற கூட்டம் வாசலுக்கு ஓடியது. அவர் பின்னால் சாய்ந்து, உன் இடதுபக்கத்து ஸ்பீக்கரில் மோதினார். அது சாய்ந்தது.

அந்த நேரம் பார்த்து உள்ளே ஓடிவந்தான் ஜூடு. அப்பாவின் செராமிக் யூனிட்டைப் பாகம் பிரித்த நாளிலிருந்து ஆறு வருஷமாக என்னோடு பேசாத என் தம்பி. கோயிலில் நான் வலப்பக்கம் உட்கார்ந்தால் அவன் இடப்பக்கம். அவன் காலில் செருப்பில்லாமல், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, “அண்ணே...” என்று அலறிக்கொண்டு வருகிறான். ஆறு வருஷம் கழித்துத் தம்பியிடம் நான் பேசிய முதல் பேச்சு என்ன தெரியுமா? “டேய், பொட்டியப் புடிடா!” பிடித்துவிட்டான். கட்டிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். முகமெல்லாம் கண்ணீர். என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

“நீ சாவலியா?”

“ஏன், சாவணுமா?”

“எப்படி ஓடியாந்தேன் தெரியுமா? நெஞ்சு அடைக்குது. உயிரோட இருக்கறவன் ஒரு வார்த்த சொல்லி அனுப்பக் கூடாதா?”

“நீ எங்கடா எங்கிட்ட பேசுற, சொல்லி அனுப்ப?”

“நீ பேசினியா?”

இப்படியே இருவரும் கத்தினோம். யூனிட் பாகம், சூளை, அவன் மகள் நான்சி வளைகாப்புக்கு நான் போகாதது, எல்லாம் வெளியே வந்தது. மாலையைக் கழற்றக்கூட மறந்துபோய்க் கத்தியிருக்கிறேன். உன் அக்காள் காபி கொண்டுவந்து அவனுக்குத்தான் முதலில் கொடுத்தாள். அவன் பெட்டியை விடாமலே குடித்தான். அப்புறம் மத்தியானச் சாப்பாடு. அப்புறம், “வந்ததுக்கு, என்னாதான் இருக்குதுன்னு கேட்டுட்டுப் போறேன்” என்று நடு நாற்காலியில் உட்கார்ந்தான். பழையதில் ஒரு பாட்டு, புதியதில் அதே பாட்டு. “புதுசுல பாடுறவன் எச்சி முழுங்குறதுகூட கேக்குதுண்ணே. அது எதுக்கு நமக்கு? பழசுதான் சொகமா இருக்குது” என்றான்.

ஆகவே என் முடிவு இதுதான். மாற்றப்போவதில்லை. செத்தவன் என்று ஊர் மாலை போட்ட அவமானத்துக்கு நீதான் பொறுப்பு. தெருவில் போனால் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடத் தொட்டுப் பார்க்கின்றன. கடிதம் கண்டதும் வண்டி அனுப்பி உன் இரண்டு கறுப்புப் பெட்டிகளையும் எடுத்துக்கொண்டு போ. டைல்ஸும் நீயே வந்து பதித்துக் கொடு. லிசாவுக்கு என் ஆசீர். உனக்கு, திருந்தினால் பார்க்கலாம்.

இப்படிக்கு,
கோபம் தணியாத உன் மாமா,
ஞானதாஸ்

பி.கு.: இதைத் தபாலில் போடாமல் சட்டைப்பையிலேயே வைத்திருந்துவிட்டேன். வண்டி அனுப்பாதே. ஜூடு தினமும் சாயங்காலம் வருகிறான். கேட்டுவிட்டு, “இன்னும் முடிவு பண்ண முடியலண்ணே, நாளைக்கும் ஒருவாட்டி கேக்கணும்” என்று சொல்லிவிட்டுப் போகிறான். நேற்று நான்சியையும் கூட்டிவந்தான். ஒருவேளை தனக்கும் ஒரு ஜோடி வேண்டும் என்று உனக்குப் போன் செய்வான். இல்லை என்று சொல். கப்பல் கவிழ்ந்துவிட்டது, கம்பெனியை மூடிவிட்டார்கள், என்ன வேண்டுமானாலும் சொல். அவன் வீட்டிலேயே ஒன்று வந்துவிட்டால் இங்கே எதற்கு வருவான்?