அப்பாவின் நடைப்பயிற்சியும் ஆறு நாற்காலிகளும்

கடப்பாக்கம் பொன்னி அத்தைக்கு, செங்கல்பட்டிலிருந்து அண்ணன் மகள் சிநேகா வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் மாமாவும் நலமாக இருப்பீர்கள். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் நினைத்தேன். அப்படி எழுதினால் கடிதம் இங்கேயே முடிந்துவிடும். போன் அப்பாவின் தலைமாட்டில் இருப்பதால், எல்லோரும் தூங்கிய பிறகு சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலையில் உங்கள் ஊர் மீன் வண்டியில் கொடுத்தனுப்புவேன்.

அப்பாவுக்கு இதயத் துடிப்பு தாளம் தப்புகிறது என்று மாத்திரை கொடுத்தார்கள் அல்லவா, இப்போது ஆறு வாரமாக உடற்பயிற்சியும் கொடுத்திருக்கிறார்கள். வாரம் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில், மார்பில் ஒயர் ஒட்டி, பயிற்சி கொடுக்கும் சுஜாதா அக்கா மேற்பார்வையில். மற்ற நாட்களில் வீட்டருகே அரை மணி நேரம் நடக்க வேண்டும். அம்மாவுக்கு வேலை இருப்பதால் மாலையில் கூடப் போய் நோட்டில் எழுதும் பொறுப்பு எனக்கு. பல்லியைப் பார்த்தாலே கட்டிலில் ஏறும் என்னிடம் போய் ஓர் இதயத்தை ஒப்படைத்தார்கள். முதல் நாளே நாடி பிடித்தேன், நூற்றுப் பதினெட்டு. பயத்தில் அப்பாவை நடுத்தெருவில் உட்கார வைத்துவிட்டேன். கட்டை விரலால் பிடித்தால் நம் நாடியைத்தான் எண்ணுவோம் என்று சுஜாதா அக்கா பிறகு சொன்னார். விரலை மாற்றினேன், பயம் மாறவில்லை. அதனால் தெருவில் ஆறு வீடுகளில் கெஞ்சி வாசலுக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னேன். நாற்காலி போட்டவர்கள் சும்மா இருப்பார்களா அத்தை? எதிர்வீட்டு ஜெகதாம்பாள் அக்கா, "இன்னா சின்னராசு, நாலு அடி வெக்கல, அதுக்குள்ள குந்திட்ட? இரு, பஜ்ஜி போட்டுகினு கீறேன்" என்பார். அப்பா, "நான் எங்கக்கா குந்தறேன், என் பொண்ணு குந்த வெக்கிறா" என்பார். இப்படி உட்கார்ந்து உட்கார்ந்து தெருக்கோடிவரை போய்வர ஐம்பது நிமிடம் ஆகும். நோட்டில் 'நடந்த நேரம்: ஐம்பது நிமிடம்' என்று எழுதினேன். புறப்பட்ட நேரமும் திரும்பிய நேரமும் உண்மைதானே என்று எனக்கு நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன்.

இன்று நோட்டைப் பார்த்த சுஜாதா அக்கா, "அம்பது நிமிஷமா, சூப்பர். வெள்ளிக்கிழமை டிரெட்மில்ல வேகத்தை ஏத்திடலாம். அதுல தேறிட்டா டாக்டர் வேலைக்குப் போலாம்னு எழுதிக் குடுத்துடுவாரு" என்றார். மறைமலைநகர் கம்பெனி பஸ்ஸில் ஏற அப்பாவுக்கு அந்தக் கடிதம் வேண்டும். ஆனால் பஜ்ஜி தின்று பழகிய இதயத்தை அந்த வேகத்தில் ஓட்டினால் என்ன ஆகும்? உண்மையைச் சொல்ல மூன்று முறை வாயைத் திறந்தேன். மூன்று முறையும் தண்ணீர்தான் கேட்டேன். நீங்கள் வெள்ளிக்கிழமை வந்து சுஜாதா அக்காவிடம் சொல்லிவிடுங்கள். திட்டுவதை மட்டும் ஊருக்குத் திரும்பிப் போய் போனில் திட்டுங்கள்.

மாமாவுக்கு என் வணக்கம். உங்கள் ஆசி எனக்கு இந்த வாரம் கொஞ்சம் கூடுதலாகத் தேவை.

அன்புடன்,
சிநேகா

பி.கு.: வர வேண்டாம் அத்தை. தண்ணீர் குடிக்க எழுந்து வந்த அப்பா இதைப் படித்துவிட்டார். "நீ ஸ்கூலுக்குப் போனதும் தெனம் ஏரிக்கரைல அரை மணி நேரம் நடந்துகினுதான் கீறேன். சுஜாதா மேடத்துக்கு மொத வாரமே தெரியும். சாயங்காலம் வர்றது உனுக்காவத்தான்" என்கிறார். சுஜாதா அக்காவின் கோப்பில் மாலை நடைக்கு நேரே 'மகளின் பயத்துக்கு' என்று எழுதியிருக்கிறதாம். அப்பா நன்றாகத் தேறிவிட்டாராம். எனக்குத்தான் ஆறு வாரமாக முன்னேற்றம் இல்லையாம்.