பேப்பர் பொய் சொல்லாதாம்!

கழுத்துச் சாமி வந்து இறங்கியதிலிருந்து அந்தப் பழைய மரச்சாமான் கிடங்கில் நிற்க இடமில்லை. தைராய்டு உள்ளவர்கள், இருக்குமோ என்று பயந்தவர்கள், எதற்கும் இருக்கட்டும் என்று முன்கூட்டியே வரிசை பிடித்தவர்கள்!

மற்ற சாமியார்கள் "என்னை நம்பு" என்பார்கள். இவர் விவரமானவர்.

"என்னை நம்பாதீங்க. ரத்தம் குடுத்துப் பாருங்க. பேப்பர் பொய் சொல்லாது!"

கழுத்தில் ஒரு தடவல். ஒரு டப்பா வெள்ளைப் பொடி. விலை ஒரு வாரக் கூலி. அருளை அடக்க விலைக்கா கொடுப்பார்கள்?

உருளைக்காரி, அதாவது சலவை ஆலையில் சூடான உருளைக்குள் விரிப்புகளைச் செலுத்துகிறவள், பன்னிரண்டு வருஷமாகத் தைராய்டு மாத்திரை விழுங்கியவள். நாத்தனார் இழுத்து வந்தாள். சாமி தடவினார், மாத்திரையைக் குப்பையில் போடச் சொன்னார். இரண்டு மாதம் பொடி தின்று ரத்தம் கொடுத்தாள். எண்கள் கச்சிதம்! அவளுடைய தாளுக்குச் சட்டம் போட்டுக் கிடங்குச் சுவரில் மாட்டிவிட்டார் சாமி.

சுவரில் இருந்தவள் குணமாகிவிட்டாள். தரையில் இருந்தவளுக்கு முகம் உப்பியது, குரல் தடித்தது, கொதிக்கும் உருளைக்குப் பக்கத்திலேயே குளிரெடுத்தது. ஒருநாள் நின்றபடியே கண் செருகியது. விரிப்போடு ரவிக்கைக் கையும் உள்ளே போக, பக்கத்து வேலைக்காரி பாய்ந்து சிவப்புப் பொத்தானை அடித்தாள். இன்னும் நான்கு விரல் உள்ளே போயிருந்தால் கை இருந்திருக்காது.

"பேப்பர்ல சரியா இருக்கே அண்ணி! உங்களுக்கு மனசுதான் சரியில்ல" என்றாள் நாத்தனார்.

உருளைக்காரி நேரே பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிற பெண்ணிடம் போய், மாத்திரையை விட்ட கதையைச் சொன்னாள். அவள் தாளைக் கேட்கவில்லை, முகத்தைப் பார்த்தாள்.

"பன்னெண்டு வருஷம் மாத்திரையில நின்ன எண்ணு, மாத்திரைய விட்டதும் எப்படிக்கா நல்லாகும்? வேற என்ன சாப்பிடறீங்க?"

"சாமி பொடிதான்."

"அதை நிறுத்துங்க. இன்னைக்கே டாக்டரைப் பாருங்க. மூணு நாள் கழிச்சு மறுபடி ரத்தம் குடுங்க. ஆமா, உங்க வீட்டுக்காரருக்குத் தைராய்டு உண்டா?"

"அதுக்கு எருமை உடம்பு."

"ரொம்ப நல்லது. முதல்ல ரத்தம் எடுத்துடுவோம். அப்புறம் எருமைக்கு ஒருநாள் பொடி குடுங்க, இன்னொரு தடவை எடுப்போம்."

நான்காம் நாள் ரத்தம் எடுக்கிற பெண்ணையும் கூட்டிக்கொண்டு, கிடங்கில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனாள் உருளைக்காரி.

"சாமி, பேப்பர் பொய் சொல்லாதுல்ல?"

"சொல்லவே சொல்லாதும்மா!"

"இது என் வீட்டுக்காரரோடது. மூட்டை தூக்கற மனுஷன். பொடிக்கு முன்னாடி நல்லா இருந்தாரு. பொடி தின்னதும் தைராய்டு குதிரையா ஓடுதாம். இது என்னோடது, பொடிய நிறுத்தி எடுத்தது. அஞ்சுக்குள்ள இருக்க வேண்டிய எண்ணு எழுபத்தெட்டு!"

"அது... கிரக நிலை..."

"கிரகமில்ல" என்றாள் ரத்தம் எடுக்கிற பெண். "முடி வளர விக்கிற சத்து மாத்திரைய இடிச்ச பொடி மாதிரி இருக்கு. அதை அளவில்லாம தின்னா எங்க மெஷின் குழம்பி, தைராய்டு இருக்கிறதைவிட வேகமா ஓடற மாதிரி காட்டும். மந்தமா இருக்கிறவங்களுக்கு நோய் அப்படியே இருக்கும், எண்ணு மட்டும் நல்லா வரும்."

சாமியின் முதுகுப்பக்கம் தொங்கிய திரையை யாரோ இழுத்தார்கள். பின்னால் காலி டப்பாக்கள் ஆளுயரம். ஒவ்வொன்றிலும் இடுப்பு வரை கூந்தலோடு ஒரு பெண் சிரித்தாள். கூட்டம் டப்பாவைப் பார்த்தது. சாமியின் பளபளக்கும் மொட்டைத் தலையைப் பார்த்தது. சாமி பின்வாசலைப் பார்த்தார். அங்கே எருமை நின்றது.

இத்தனைக்கும் பிறகு ஒருவர் வரிசையை விடாமல் வந்து, ரத்தம் எடுக்கிற பெண்ணிடம் கழுத்தை நீட்டினார்.

"அம்மா, நீங்களாவது ஒரு தடவு தடவி விடுங்க."

உருளைக்காரி தடித்த குரலில் சொன்னாள்: "கழுத்துக்கு மேல ஒண்ணு இருக்கு அண்ணே. முதல்ல அது இருக்கான்னு தடவிப் பாருங்க."