நெருப்பு படாத கறுப்பு

வழுக்கைத் தலையில் முடி முளைக்க வேண்டுமா? கறுப்பு சாக்லேட். மூட்டுவலி ஓட வேண்டுமா? கறுப்பு சாக்லேட். ரத்தக்கொதிப்பு, மறதி, பக்கத்து வீட்டுக்காரர் மேல் பொறாமை, மாப்பிள்ளையின் குறட்டை? எல்லாவற்றுக்கும் அதே கறுப்பு சாக்லேட்தான். கடையில் கிடைக்கிற சாதாரணச் சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். இது பச்சைச் சாக்லேட். வறுக்காதது, வேக வைக்காதது, நெருப்பை ஜன்மத்தில் பார்க்காதது. பார்வைக்குத் தார்க்கட்டி போல இருக்கும். ருசியும் கிட்டத்தட்ட அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கெல்லாம் நூலகத்தின் மாடி அரங்கு நிரம்பி வழிந்தது. கீழே நூலகம் திறந்துதான் இருந்தது. ஆனால் அதற்குள் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. ஈரக் குடைகளை வைக்க மட்டும் அதன் வாசல் பயன்பட்டது.

மேடையில் நின்றவர் பெயர் கசப்பு டாக்டர். எங்கே படித்தார், எதற்கு டாக்டர் என்று யாரும் கேட்டதில்லை. வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார், போதாதா? ஓட்டல் சமையல்காரரும் வெள்ளைக் கோட்டுதான் போடுகிறார். அவரிடம் போய் யாரும் நாக்கை நீட்டிக் காட்டுவதில்லை.

"நெருப்பு படாத கறுப்பு!" என்று டாக்டர் முழங்கினார்.

"நோய்க்கெல்லாம் மறுப்பு!" என்று கூட்டம் திருப்பிக் கத்தியது. எதுகை சரியாக இருந்தால் வைத்தியமும் சரியாகத்தான் இருக்கும் என்பது அவர்கள் கட்சி.

கடைசி வரிசையில் ஒருத்தி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கேக் கடைக்காரி. இருபது வருஷமாக அடுப்பு முன்னால் நிற்பதால் தெருவே அவளை 'மாஸ்டர்' என்று கூப்பிடும். அவள் வேடிக்கை பார்க்க வரவில்லை, புருஷனைப் பார்க்க வந்தாள். புருஷன் முதல் வரிசையில், டாக்டரின் மூக்குக்கு நேரே, வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் தையல்காரர்.

தையல்காரருக்கு ரத்தக்கொதிப்பு. தினம் ஒரு மாத்திரை போட வேண்டியவர், அதை நிறுத்தி மூன்று வாரம் ஆகியிருந்தது. காலையில் ஒரு கறுப்புக் கட்டி, சாயங்காலம் ஒரு கறுப்புக் கட்டி, அவ்வளவுதான் மருந்து. போன செவ்வாய்க்கிழமை தலைசுற்றித் தையல் மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டார். தெளிந்து எழுந்தவர் ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் ஒரே பக்கம் வைத்துத் தைத்தார். சட்டைக்குச் சொந்தக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். மாஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றைக்கே அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். அங்கிருந்த டாக்டரம்மா அழுத்தக் கருவியைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"இப்படியே விட்டா ஒரு பக்கம் கை காலு விழுந்துடும். இன்னிக்கே மாத்திரையைப் போடுங்க."

தையல்காரர் நல்ல பிள்ளையாகத் தலையை ஆட்டினார். வீட்டுக்கு வந்ததும் மாத்திரையை நூல்பெட்டிக்குள் போட்டு மூடினார்.

"கறுப்பு சாக்லேட் கெட்டதுன்னு நான் சொல்லலைங்க," என்றாள் மாஸ்டர். "கசப்பா ஒரு துண்டு தின்னா நாக்குக்கு நல்லாருக்கும். ரத்த ஓட்டத்துக்கும் கொஞ்சம் நல்லதுன்னுதான் சொல்றாங்க. ஆனா அது தின்பண்டம். மருந்து ஆகாது."

"சர்க்கரை விக்கிறவ நீ. கசப்பைப் பத்தி உனக்கென்ன தெரியும்?"

அது கசப்பு டாக்டர் மனப்பாடம் செய்யவைத்த வசனம். பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் அந்த மனிதர் அவளிடம் அப்படிப் பேசியதே கிடையாது. அவளுக்குச் சுருக்கென்று குத்தியது.

இப்போது மேடையில் சோதனை ஆரம்பித்தது. பஸ் ஓட்டுநர் ஒருவர், நல்ல வாட்டசாட்டமான ஆள், மேலே ஏறினார். டாக்டர் அவர் சட்டைப்பையில் ஒரு பால் சாக்லேட்டைப் போட்டார்.

"கையைப் பக்கவாட்டுல நேரா நீட்டுங்க. நான் அமுக்குவேன், விடாதீங்க."

அமுக்கினார். கை தொப்பென்று விழுந்தது. கூட்டம் "ஐயோ!" என்றது. பால் சாக்லேட்டை எடுத்துவிட்டுக் கறுப்பைப் போட்டார். மறுபடி அமுக்கினார். முகமெல்லாம் சிவக்க, பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினார். கை அசையவில்லை. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. ஓட்டுநர் தன் கையைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டார்.

மாஸ்டர் ஆளையும் பார்க்கவில்லை, சாக்லேட்டையும் பார்க்கவில்லை. டாக்டரின் விரலைப் பார்த்தாள். பால் சாக்லேட்டுக்கு விரல் மணிக்கட்டில் இருந்தது. கறுப்புக்கு முழங்கையைத் தாண்டித் தோள் பக்கம் போயிருந்தது. அவள் கடை அடுப்புக்கு இரும்புக் கதவு. விளிம்பில் தொட்டால் சுண்டுவிரலுக்கே அசையும். கீல் பக்கம் தள்ளினால் ஆளே சாய்ந்தாலும் நகராது. இது அடுப்படியில் முதல் நாளே கற்கிற பாடம்.

"டாக்டர், ஒரு சந்தேகம்," என்று குரல் கொடுத்தாள். "இது நெருப்பே படாததா?"

"படவே படாதது!"

"அப்புறம் எப்படி அச்சுல வார்த்த மாதிரி பளபளன்னு கட்டியா இருக்கு? உருகினாத்தானே உறையும். எதுல உருகிச்சு?"

டாக்டர் ஒரு கணம் மேலே பார்த்தார். "நம்பிக்கையில."

கைதட்டல் காதைப் பிளந்தது.

"நீங்க யாரும்மா?"

"கேக் கடை வச்சிருக்கேன்."

"ஆஹா!" என்றார் டாக்டர். அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. அரங்கே அவளைப் பார்த்துச் சிரித்தது. தையல்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் வெடித்தது.

"என் மானத்தையே வாங்கிட்டியே!"

"சரிங்க. உங்க டாக்டர் உள்ள என்ன இருக்குன்னு பார்க்காம அமுக்கிச் சொல்வாரா?"

"கண்ணைக் கட்டிக்கிட்டே சொல்வார்!"

"அப்ப ஆறு பை தைங்க. ஒரே துணி, ஒரே அளவு. உள்ள என்ன வைக்கிறேன்னு நான் சொல்ல மாட்டேன். அவர் சரியாச் சொல்லிட்டா இனிமே நான் வாயே திறக்கலை. தப்பாச் சொன்னா நீங்க மாத்திரை போடணும்."

"தைக்கிறேன்டி! பிசிறு இல்லாமத் தைக்கிறேன்!"

தைத்தார். டாக்டரின் பெருமையை நிலைநாட்டப் போகிறோம் என்ற சந்தோஷத்தில், கல்யாணக் கோட்டுக்கு எடுத்துக்கொள்கிற கவனத்தோடு ஆறு சின்னப் பைகளைத் தைத்தார். யாரையும் ஏமாற்றத் தெரியாத மனிதர்; தன்னையும் யாரும் ஏமாற்ற மாட்டார்கள் என்று நினைத்துவிட்டார். அவர் குனிந்து ஊசியில் நூல் கோர்ப்பதைப் பார்த்தபோது மாஸ்டருக்குக் கண் கலங்கியது. இந்தக் கை விழுந்துவிட்டால்?

அவள் கடைக்குப் போய் ஆறு சின்ன அட்டைப்பெட்டிகளை எடுத்தாள். பண்டத்தை வைத்து, மேலே மைதா மாவைக் கொட்டி, தராசில் வைத்து எல்லாவற்றையும் ஒரே எடையாக்கினாள். பெட்டியைப் பைக்குள் போட்டுக் கொடுத்தாள். தையல்காரர் பைகளின் வாயைத் தைத்து மூடினார்.

அடுத்த ஞாயிறு. தையல்காரரே மேடையேறி விஷயத்தை அறிவித்தார். கசப்பு டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை.

"சந்தேகம் இருக்கிற இடத்துல சக்தி வேலை செய்யாதுங்க."

"எனக்குச் சந்தேகமே இல்லை டாக்டர்! நூத்துக்கு நூறு நம்பிக்கை! என் கையிலேயே பண்ணுங்க!"

கூட்டம் ஆரவாரம் செய்தது. இப்படிப்பட்ட பக்தன் ஒருவன் வாய்த்துவிட்டால் எதிரி எதற்கு? டாக்டர் வேர்வையைத் துடைத்துக்கொண்டார். முன்வரிசைத் தபால்காரம்மா பைகளைக் குலுக்கிக் கலந்து, சாக்கட்டியால் எண் போட்டார். இனி எதில் எது என்று மாஸ்டருக்கே தெரியாது.

முதல் பை சட்டைப்பைக்குள் போனது. டாக்டர் தோள் பக்கம் அமுக்கினார். கை அசையவில்லை.

"மகா சக்தி! இப்படி ஒரு அதிர்வை நான் பார்த்ததே இல்லை! சுத்தமான கறுப்பு!"

இரண்டாவது, விஷம். மூன்றாவது, விஷம். நான்காவது, சக்தி. ஐந்தாவது, "தூரப் போடுங்க, கொடிய விஷம்!" ஆறாவதும் விஷம்.

தையல்காரர் கத்தரிக்கோலை எடுத்து முதல் பையை வெட்டினார். மாவுக்குள் விரலை விட்டு மகா சக்தியை வெளியே எடுத்தார்.

ரப்பர் துண்டு. தேய்ந்த செருப்புக் குதிகாலின் ரப்பர்.

"இது என் பழைய செருப்புல்ல?" என்றார்.

ஐந்தாவது பையில் அதன் ஜோடி இருந்தது. இடது கால் அமிர்தம், வலது கால் கொடிய விஷம். சக்தி என்று சொன்ன நான்காவது பையில் பால் சாக்லேட். விஷம் என்று தள்ளிய இரண்டிலும் மூன்றிலும் டாக்டரே விற்ற அசல் கறுப்பு. ஆறாவதில் இன்னொரு பால் சாக்லேட். ஆறில் அது ஒன்றுதான் அவர் கணக்குக்கு ஒத்துவந்தது.

டாக்டர் அப்போதும் தப்பித்திருக்கலாம். ஆனால் பதற்றத்தில் ஒரு வார்த்தையை விட்டுவிட்டார்.

"துணிதாங்க காரணம். தையல் சரியில்லை. சக்தி உள்ளேயே சிக்கிக்கிச்சு."

தையல்காரர் மெதுவாக நிமிர்ந்தார். மாத்திரையை விடச் சொன்னபோது விட்டார். பெண்டாட்டியைக் குத்திப் பேசச் சொன்னபோது பேசினார். ஆனால் தையல்?

"என் தையல்ல குத்தமா?"

"இல்லைங்க, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"இருங்க. போன வாரம் டிரைவர் அண்ணன் சட்டைப்பையில போட்டீங்களே, அந்தச் சட்டை நான் தச்சது. அந்தப் பைக்கு ரெட்டைத் தையல், உள்ளே கனத்துணி வேற. அதுல சிக்காத சக்தி இதுல மட்டும் எப்படிய்யா சிக்கும்?"

'டாக்டர்' என்பது 'ஐயா'வாகி, அதுவும் பாதியாகத் தேய்ந்துவிட்டதை எல்லோரும் கவனித்தார்கள். நான்கு வாரத்தில் முதல்முறையாக அந்த மனிதர் தானாக ஒரு கேள்வி கேட்டிருந்தார். கடைசி வரிசையில் நின்ற மாஸ்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

அவள் மேடையேறினாள். டாக்டரின் கோட்டுப் பையில் அவருடைய கறுப்பையே போட்டாள். "கையை நீட்டுங்க," என்றாள். மணிக்கட்டில் ஒற்றை விரலை வைத்தாள். கை தொப்பென்று விழுந்தது.

"சக்தி சாக்லேட்டுல இல்லைங்க. விரலை எங்க வைக்கிறோம்கிறதுலதான் இருக்கு. யார் வேணும்னாலும் பக்கத்துல இருக்கிறவங்க கையை அமுக்கிப் பாருங்க."

அடுத்த நிமிஷம் அரங்கு முழுக்க ஒருவர் கையை ஒருவர் அமுக்கிக்கொண்டிருந்தார்கள். ஓட்டுநர் தன் பெண்டாட்டி கையை மூன்று தடவை அமுக்கி, நான்காவது தடவை அடி வாங்கினார்.

"ஒரு அவசர நோயாளி காத்திருக்கார்," என்று முனகியபடி டாக்டர் பின்படி வழியாக நழுவினார். கதவுப் பிடியில் கோட்டு மாட்டிக்கொண்டது. கோட்டைக் கழற்றி விட்டுவிட்டு ஆள் பறந்தார். தையல்காரர் அதை எடுத்துக் காலரைத் திருப்பிப் பார்த்தார். ஒரு நாடகக் குழுவின் முத்திரை இருந்தது.

"தையலும் மட்டம்," என்றார்.

பிறகு மனைவி பக்கம் திரும்பினார். முகத்தைப் பார்க்க முடியாமல் அவள் கையைப் பார்த்துப் பேசினார்.

"அந்த மாத்திரை..."

அவள் பையிலிருந்து மாத்திரையையும் தண்ணீர்ப் புட்டியையும் எடுத்து நீட்டினாள். அவர் நூல்பெட்டிக்குள் போட்டதை அன்றைக்கே எடுத்து, அதைச் சுமந்துகொண்டுதான் திரிந்தாள். அவர் போட்டு விழுங்கி முகத்தைச் சுளித்தார்.

"ரொம்பக் கசக்குது."

"கசப்பு நல்லதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

இருவரும் படியிறங்கும்போது பின்னாலிருந்து யாரோ மூச்சிரைக்க ஓடி வந்தார். முதல் வரிசையில் உட்கார்ந்து முதல் ஆளாகக் கைதட்டுகிறவர்.

"மாஸ்டர், மாஸ்டர்! அந்த மகா சக்தி ரப்பர் எங்க கிடைக்கும்? இடது கால்தானே நல்லது?"

மாஸ்டர் நின்றாள். அவரை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தாள்.

"அது காலுக்குங்க. உங்களுக்குத் தலைக்குள்ள ஒண்ணு பிறக்கும்போதே குடுத்து அனுப்பியிருக்காங்க. இன்னும் உறை பிரிக்காமலே வச்சிருக்கீங்க. முதல்ல அதைப் பிரிங்க."