லைசன்ஸ் அண்ணன் கேட்ட கோட்

பொருட்களின் முதுகில் பொடி எழுத்தில் அச்சடிக்கும் நிபந்தனைகளை உலகத்தில் ஒருவரும் வாசிப்பதில்லை என்று நினைப்பவர்கள் இலங்கை மலையகத்தின் கந்தப்பளை பஜாருக்கு வந்ததில்லை. அங்கே நம் எல்லோருக்குமாகச் சேர்த்து ஒரே ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார்.

அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எங்களுக்கு அவர் லைசன்ஸ் அண்ணன். பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே போட்டோ கொப்பி எடுக்கும் கடை வைத்திருந்தார். நான் அப்போது பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஆசிரியை, அவருடைய நிரந்தர வாடிக்கை. தலைவலிக்கு மாத்திரை வாங்கினால் கூடவே வரும் தாளை முழுக்க வாசிப்பார். அதில் போட்டிருக்கும் பக்க விளைவுகள் எல்லாம் சாயங்காலத்துக்குள் அவருக்கு வந்துவிடும். 'டிக்கட்டைக் கேட்கும்போது காட்ட வேண்டும்' என்று பின்பக்கம் இருந்ததால், யாருமே கேட்கவில்லையே என்று நுவரெலியாவில் பஸ்ஸை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தவர்.

அந்தக் காலத்தில் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன பெண்கள் அனுப்பிய தொடுதிரை போன் ஒன்று எங்கள் பக்கத்துத் தொழிலாளர் லயங்களில் பரவியது. பார்க்க அழகு. ஆனால் மார்கழி பிறந்து குளிர் இறங்கியதும் சார்ஜ் ஏற மறுத்துவிடும். பகலெல்லாம் மலையில் வேலை செய்கிறவர்கள் ராத்திரியில்தானே வயரைக் குத்த முடியும்? விடியும்போது போன் செத்துக் கிடக்கும். கம்பளியில் சுற்றிப் பார்த்தார்கள். அடுப்போரம் வைத்துப் பார்த்தார்கள், ஒன்று உருகிப்போனது. ஒரு வீட்டில் அடைக்கோழிக்குக் கீழே வைத்தார்கள். போன் சார்ஜ் ஆனது, ஆனால் கோழி அதைத் திருப்பிக் கொடுக்க மறுத்துவிட்டது.

இதில் மாட்டிக்கொண்டவர் கொழுந்து லொறியில் வேலை செய்த பெரியசாமி. குவைத்தில் இருந்த அவர் மனைவி லெட்சுமிக்கு எஜமானி வீட்டில் வெள்ளிக்கிழமை அதிகாலையில் மட்டும்தான் பேச அனுமதி. அந்த நேரம் பார்த்து இங்கே போன் செத்திருக்கும். வாராவாரம் இப்படி நடந்ததும், புருஷன் வேறு குடும்பம் வைத்துவிட்டான் என்று லெட்சுமி முடிவு கட்டிவிட்டாள். இனி ஊருக்கு வந்தால் நேரே தாய் வீட்டுக்குத்தான் போவேன் என்று இன்னொரு பெண் மூலம் சொல்லியும் அனுப்பினாள். பெரியசாமி போனைத் தூக்கிக்கொண்டு லைசன்ஸ் அண்ணனிடம் வந்தார்.

வேறு யாராவது என்றால் போனைக் கழற்றியிருப்பார்கள். அண்ணன் வாசித்தார். பற்றரியின் மேலே ஒட்டியிருந்த துண்டில், இதைவிடக் கடும் குளிரிலும் சார்ஜ் ஏற்றலாம் என்று இருந்தது. அப்படியென்றால் தடுப்பது போனுக்குள் இருக்கும் மென்பொருள். பிறகு போனிலேயே 'சட்டத் தகவல்கள்' என்று ஒரு மூலையில் கிடந்த பக்கங்களைத் திறந்து, பூதக்கண்ணாடி வைத்து ஒரு வாரம் வாசித்தார். கடையில் கொப்பி எடுக்க வந்த நாங்களே எடுத்துக்கொண்டு போனோம்.

வாசித்து முடித்த அன்று என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"டீச்சர், இந்தப் போனுக்கு அடியில ஓடுறத யார் யாரோ எழுதி, எல்லாருக்கும்னு பொதுவுல விட்டிருக்காங்க. கம்பனிக்காரன் அத எடுத்து மாத்தி விக்கலாம். லைசன்ஸ்ல ஒரே கண்டிசன். போன் வாங்குனவன் கேட்டா, மாத்துனதோட சேத்து அந்த சோர்ஸ் கோட்ட, அதான் எழுதுன மூலத்த, குடுத்துடணும். எவ்வளவு குளிருக்குக் கீழ சார்ஜ் ஏறக் கூடாதுன்னு இதுல போட்டிருக்கிற ஒரு நம்பர மாத்துனா போதுங்க, லெட்சுமி வீட்டுக்கு வந்துரும்."

கொழும்பிலிருந்த கம்பனி ஏஜென்டின் அலுவலகத்துக்கு அன்றே பேசினார். எடுத்த பெண்ணிடம் தனக்குச் சட்டப்படி கோட் வர வேண்டும் என்றார். அவள் என்ன சைஸ் என்று கேட்டாள். முழு சைஸும் வேண்டும், குறைத்துக் கொடுத்தால் ஏற்கமாட்டேன் என்றார் இவர். பத்து நாளில் பார்சல் வந்தது. பிரித்தால், நெஞ்சில் கம்பனிப் பெயர் போட்ட கறுப்புக் குளிர்க் கோட். ஈர்க்குச்சி போன்ற மனிதருக்கு அது முழங்கால் வரை தொங்கியது.

கம்பனி செய்த தவறுக்குச் சாட்சி வேண்டும் என்று அதைப் போட்டுக்கொண்டே கொழும்புக்குப் போனார். யுத்தம் முடிந்தும் சோதனைச் சாவடிகள் எடுக்கப்படாத காலம். கொளுத்தும் வெயிலில், தடித்த கோட் போட்ட ஒரு தமிழ் ஆள் இறங்கி, எங்கே போகிறாய் என்ற கேள்விக்கு 'கோட் வாங்க' என்று சொன்னால் விடுவார்களா? என்ன ரகசியக் கோட், யார் கொடுப்பது என்று பொலிஸ்காரர்கள் உட்காரவைத்தார்கள். அண்ணன் கலங்கவில்லை. லைசன்ஸின் முதல் வரியிலிருந்து சிங்களத்தில் விளக்கத் தொடங்கினார். இரண்டாம் பகுதிக்குப் போவதற்குள் பெரிய அதிகாரி எழுந்து, தேத்தண்ணி கொடுத்து, கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவைத்தாராம்.

ஏஜென்ட் அலுவலகத்து மனேஜர், கோட் கம்பனியின் ரகசியம் என்று சொல்லியிருக்கிறார். அண்ணன் மனேஜரின் சொந்தப் போனை வாங்கி, அதே மூலையைத் திறந்து, கேட்டால் தருவோம் என்று அவருடைய கம்பனியே எழுதியிருந்ததைக் காட்டினார். மனேஜர் அந்தப் பக்கத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாராம். தலைமையகத்துக்கு எழுதுகிறேன் என்றார். அதன் பிறகு அண்ணனும் திங்கட்கிழமை தவறாமல் தலைமையகத்துக்கு ஈமெயில் போட்டார். கோட் வந்துவிட்டால் இந்த ஆள் எழுதுவதை நிறுத்திவிடுவார் என்று அங்கே யாருக்கோ உறைத்திருக்க வேண்டும். ஒரு மழைநாளில், கோட் இறக்குவதற்கான இணைப்பு ஈமெயிலில் வந்தது. மழை லைனை அறுக்க அறுக்க, இவர் மறுபடி மறுபடி இறக்கினார்.

நம்பரை மாற்றி முதலில் தன்னுடைய அதே ரகப் போனில் ஏற்றினார். அது செத்தது. எங்கே பிழை என்று தேடித் திருத்திக்கொண்டு, பெரியசாமியிடம் விஷயத்தை மறைக்காமல் சொன்னார்.

"இதுவும் செத்துரலாம் பெரியசாமி. யோசிச்சுச் சொல்லு."

"சாகட்டும்ணே. இப்ப மட்டும் உசுரோடயா இருக்கு?"

சாகவில்லை. அந்த வெள்ளிக்கிழமை புல்லெல்லாம் பனி வெளுத்துக் கிடந்த விடியலில் போன் அடித்தது. பெரியசாமி கடை திறக்குமுன்பே வந்து நின்றார். கண் சிவந்திருந்தது.

"முழு நேரமும் ஏச்சுத்தாண்ணே" என்றார். "ஒரு வார்த்த பேச விடல. சித்திர வருசத்துக்கு வருதாம். நம்ம வீட்டுக்குத்தான்."

தோட்டத்தில் இருந்த அத்தனை போன்களும் அடுத்த வாரமே கடைக்கு வந்தன, என்னுடையது உட்பட. அண்ணனும் எல்லாவற்றையும் திருத்திக் கொடுத்தார். லைசன்ஸ்படி இப்போது அவரும் கேட்டால் கோட் கொடுக்கவேண்டியவர் ஆகிவிட்டார். 'இங்கு திருத்திய போன்களின் சோர்ஸ் கோட் கேட்பவர்களுக்குத் தரப்படும்' என்று பலகை தொங்கவிட்டு, சீடிகளில் எழுதி மேசையில் அடுக்கி வைத்தார். வந்து கேட்ட இரண்டொருவரும் குளிருக்குப் போட ஒன்று கிடைக்கும் என்று நம்பி வந்தவர்கள். மாதங்கள் போயின. வாசலில் நிழல் தட்டினால் நிமிர்ந்து பார்ப்பார். போட்டோ கொப்பி என்றதும் முகம் விழுந்துவிடும்.

ஒருநாள் நான் போய், சோர்ஸ் கோட் வேண்டும் என்று கேட்டேன். அண்ணன் எழுந்து நின்றார். சீடியைச் சட்டையில் துடைத்து, இரண்டு கையாலும் கொடுத்து, கடையைச் சாத்திவிட்டு டீக்கடைக்கு அழைத்துப்போய் வடை வாங்கிக் கொடுத்தார். அதை எப்படித் திறப்பதென்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அடுத்த வாரமே போய், சீடியில் கீறல் விழுந்துவிட்டது, இன்னொன்று தாருங்கள் என்று கேட்டேன்.