காருக்கு நான் பார்த்த வைத்தியம்

பள்ளி இறுதித் தேர்வில் நான் தேறிய பிறகு, என்னோடு ஒரே வீட்டில் ஆறு மாதம் தாக்குப்பிடித்தவர்களுக்குக் கோயில் கட்டலாம். எங்கள் குடும்பத்தில் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அம்மா என் சான்றிதழுக்குச் சட்டம் போட்டு, கூடத்தில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தாள். (முருகனைவிட ஓர் அங்குலம் மேலே. ஆணி அடித்தது நான்.)

அப்போது எங்கள் தீவின் மேற்கே பாம்பூ என்ற ஊரில் இருந்தோம். கடற்கரை நெடுக ஹோட்டல்கள் முளைத்துக்கொண்டிருந்த காலம். அம்மாவுக்கு ஸ்வெட்டர் தொழிற்சாலையில் வேலை. அப்பா கரும்புத் தோட்டத்து லாரியை விட்டுவிட்டு, ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்த காரை வாங்கி டாக்சி ஆக்கியிருந்தார். விருந்தினர்களை விமான நிலையத்துக்குக் கொண்டுவிடும் வேலையை ஒரு ஹோட்டல் அவருக்குத் தருவதாகச் சொன்னது. ஆனால் முதலில் ஒரு சோதனை ஓட்டம். வெள்ளிக்கிழமை ஒரு பிரெஞ்சுத் தம்பதியைப் பிளேன் மாக்னியன் விமான நிலையத்துக்கு நேரத்தோடு கொண்டுசேர்த்துவிட்டால் வேலை நிரந்தரம்.

கார் வந்த அன்றே கோயிலில் பூஜை போட்டிருந்தோம். குருக்கள் தந்த விபூதி, எலுமிச்சம்பழம், கொப்பரைத் துண்டு எல்லாவற்றையும் அம்மா மஞ்சள் துணியில் முடிந்து, முன்கண்ணாடியில் தொங்கவிட்டாள். மூட்டை ஒரு கோழிக்குஞ்சு அளவு இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் அதைப் பார்த்து என்ன நினைப்பார்களோ என்று எனக்கு ஒரே வெட்கம். சோதனை ஓட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு அதைக் கழற்றினேன். தூக்கி எறியப் பயம். (படித்திருந்தாலும் முருகன் முருகன்தான்.) பானெட்டைத் திறந்தேன். விளக்குக்குப் பின்னால் ஒரு கறுப்புக் குழாய் வாயைப் பிளந்துகொண்டு சும்மா இருந்தது. மூட்டை அளவெடுத்தது போல உள்ளே போய் உட்கார்ந்தது.

"கண்ணாடியிலே தொங்கிச்சே, எங்கேம்மா?" என்றார் அப்பா.

"பத்திரமா வச்சிருக்கேன்பா, எஞ்சின் பக்கத்திலே. அங்கேதானே காவல் வேணும்?" (வீட்டில் நாங்கள் பேசுவது தீவின் பேச்சுமொழியான கிரியோல். அதில் இது இன்னும் திமிராக ஒலிக்கும்.)

மறுநாளிலிருந்து கார் சோர்ந்துபோனது. கிளம்பும், நிற்கும், சமதரையில் ஊரும். ஆக்சிலரேட்டரை அழுத்தினால் மட்டும் முனகுமே தவிர வேகம் எடுக்காது. நான் நூலகத்திலிருந்து ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்தைக் கொண்டுவந்தேன். 'வேகம் எடுக்காத கார்' என்றே ஓர் அத்தியாயம் இருந்தது. அதன் முதல் வரி, காற்று போகும் வழியைப் பார்க்கச் சொன்னது. இவ்வளவு எளிய விஷயம் என் போன்றவர்களுக்காக எழுதப்பட்டிருக்காது என்று அதைத் தாண்டிவிட்டேன். பெட்ரோல் ஃபில்டரை மாற்றச் சொன்னேன். அப்பா மாற்றினார். பிளக் நான்கையும் மாற்றச் சொன்னேன். அதையும் மாற்றினார். கார் முனகியது.

"இது நவீன கார்ப்பா. உள்ளே கம்ப்யூட்டர் இருக்கு. அதுதான் குழம்பியிருக்கு" என்று தீர்ப்பு வழங்கினேன்.

"காஸ்தோன்கிட்டே ஒரு தடவை காட்டலாமே" என்றார் அப்பா. காஸ்தோன் எங்கள் தெரு மெக்கானிக். அந்த நேரம் பார்த்து வாசலில்தான் நின்றிருந்தார்.

"எழுதப் படிக்கத் தெரியாதவங்க இந்த மாதிரிக் காரைத் தொடக் கூடாதுப்பா" என்றேன்.

"பொந்தியே! கடவுளே! டாக்டரம்மா சொல்லிட்டாங்க, நான் வர்றேன் வேலு" என்று அப்பாவிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டே காஸ்தோன் போய்விட்டார். அப்பா சிரிக்கவில்லை. அவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. அது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை என் பிரெஞ்சைக் காட்டுவதற்காக நானும் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். குவாத்ர் போர்னுக்கு ஏறும் சாலையில் காரின் உயிர் போய்விட்டது. பஸ் எங்களை முந்தியது. கரும்பு லாரி முந்தியது. தொழிற்சாலைப் பெண்களை ஏற்றிய வேன் முந்தியபோது, ஒருத்தி தலையை வெளியே நீட்டி, "இறங்கித் தள்ளவா, தோன்தோன்?" என்று கத்தினாள். (தோன்தோன் என்றால் மாமா.) அப்பாவின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறோம்?" என்று கேட்டார் பிரெஞ்சுக்காரர்.

"நீங்கள் காட்சிகளை ரசிக்கத்தான், மெசியே" என்றேன், இலக்கணம் வழுவாத பிரெஞ்சில். வெளியே அப்போது ஒரு சிமென்ட் சுவர் மட்டுமே தெரிந்தது. அதுவும் வெகுநேரம் தெரிந்தது.

விமானம் போய்விட்டிருந்தது. அந்த அம்மாள் பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். அப்பா அவர்கள் பெட்டிகளை இரண்டு கையிலும் பிடித்தபடி, கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றார். சாயங்காலமே ஹோட்டல் ஆள் வந்து, இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை காஸ்தோன் கூப்பிடாமலே வந்தார். எஞ்சினை ஓடவிட்டு, தலையைச் சாய்த்துக் கேட்டார். கறுப்புக் குழாயின் வாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"இது காத்து குடிக்கிற வாய், வேலு. காத்தே போகலே. வெறும் பெட்ரோலைக் குடிச்சு அது எப்படி மேடு ஏறும்?"

எஞ்சினை நிறுத்திவிட்டு, இரண்டு விரலை உள்ளே விட்டு இழுத்தார். மஞ்சள் துணி வந்தது. வந்துகொண்டே இருந்தது. வாடிய எலுமிச்சம்பழம் உருண்டு என் காலடியில் நின்றது. அம்மா வாயில் கையை வைத்தாள்.

"யார் வச்சது இதை?" என்று கேட்டார் காஸ்தோன்.

எனக்கு நான்கு மொழிகள் தெரியும். குனிந்து எலுமிச்சம்பழத்தை எடுத்துத் துடைத்தேன்.

"நான்தான்" என்றார் அப்பா. "சாமி உள்ளே இருந்தா நல்லா ஓடும்னு நினைச்சேன்."

காஸ்தோன் சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "படிக்காத ஆள்னா இப்படித்தான், வேலு!" என்றார், என்னைப் பார்த்துக்கொண்டே.

அப்பா பழையபடி டாக்சி ஸ்டாண்டுக்கே போனார். கதை மட்டும் ஊர் சுற்றியது. எங்கள் வீட்டில் யாருக்குச் சளி பிடித்தாலும், "மூக்கிலே அப்பா ஏதாவது வச்சாரா பாரு" என்பார்கள். என் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாருக்கு அம்மா இதை நடித்தே காட்டினாள். நான் வாயைத் திறக்கப் போனேன். "தண்ணி வேணுமா?" என்று அப்பா டம்ளரை நீட்டினார். வாங்கிக் குடித்தேன்.

இப்போது எழுதிவிட்டேன். ஆனால் தமிழில் எழுதியிருக்கிறேன். வீட்டில் அதை வாசிக்கக்கூடிய ஒரே ஆள் நான். அச்சானதும் அம்மா இதை வெட்டி, சட்டம் போட்டு, சான்றிதழுக்குப் பக்கத்தில் மாட்டுவாள். அதன் கீழே விருந்தாளிகளை உட்காரவைத்து, அப்பா காரின் மூக்கை அடைத்த கதையைச் சொல்வாள்.